கசப்பும் துவர்ப்பும்

வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில் உணரும் கனம் முதலியவற்றுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10 என்று 50 மதிப்பெண்களைப் பகுத்து அச்சிட்ட தாள் ஒன்றை என் முன்னால் வைத்து, அதன் அருகில் ஒரு சிறிய கண்ணாடிக் குவளையில் மூன்று விரற்கடை உயரத்துக்கு வெளிர் பொன்னிறமான பானத்தை வார்த்து, "எழுதுங்கள்" என்று அந்தப் பெரியவர் சொன்னபோது, எனக்கு இருந்த பரபரப்பில் குவளையை இரண்டே மிடறில் காலி செய்துவிட்டு, ருசி என்ற தலைப்பின் கீழே, "நன்றாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதைப் படித்தார். சட்டைப்பையிலிருந்த பென்சிலை எடுத்து அந்த வாக்கியத்தின் குறுக்கே நிதானமாக ஒரு கோடு கிழித்தார். "இது தீர்ப்பு. தீர்ப்பை உங்களிடம் யாரும் கேட்கவில்லை. இப்போது நீங்கள் சாட்சிக் கூண்டில் நிற்கிறீர்கள், கண்டதையும் முகர்ந்ததையும் சொன்னால் போதும்" என்றார்.

இது நடந்தது 2011-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள டார்பி நகரத்தில், ஒரு பழைய பப்பின் மாடியறையில். உத்தியோக நிமித்தமாக அந்த ஊருக்குப் போய் இரண்டு வருஷமாகியும் மாலை நேரங்களை எப்படிப் போக்குவது என்று தெரியாமல் தவித்த என்னை, தொழிற்சாலையில் பக்கத்து மேஜைக்காரர் ஒருவர் தம்முடைய சங்கத்துக்கு அழைத்துப் போனார். வீட்டுச் சமையலறையிலோ மோட்டார்க் கொட்டகையிலோ தாங்களே பீர் காய்ச்சுகிறவர்களின் சங்கம் அது. விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சிக்கொள்வதற்கு அந்த நாட்டில் 1963-ஆம் ஆண்டிலிருந்து லைசென்ஸும் வேண்டியதில்லை, வரியும் கிடையாது. மாதத்துக்கு ஒரு முறை அவரவர் காய்ச்சியதைப் புட்டிகளில் கொண்டுவந்து, பரஸ்பரம் ருசி பார்த்து, தயவு தாட்சண்யமின்றிக் குறை சொல்லிக்கொள்வார்கள். மதுவிலக்கை 1937-லேயே சேலம் ஜில்லாவில் சட்டமாக்கிப் பார்த்த மாகாணத்தில் வேர் உள்ளவனாகிய எனக்கு, ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியர்களும் தபால்காரரும் ஒரு பல் வைத்தியரும் வட்டமாக உட்கார்ந்து, சபை மரியாதை சற்றும் குன்றாமல், கையில் பென்சிலுடன் மது அருந்துகிற காட்சி முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது.

என் வாக்கியத்தை அடித்த பெரியவர் நாற்பது வருஷம் ரசாயனம் கற்பித்தவர். அமெரிக்காவில் 1985-ஆம் ஆண்டு தோன்றிய பீர் நடுவர் ஸ்தாபனம் ஒன்று வகுத்த விதிகளைத்தான் சங்கத்திலும் பின்பற்றினார்கள். ஒவ்வொரு வகைப் பீருக்கும் இன்ன லட்சணங்கள் உண்டு, இன்ன தோஷங்கள் கூடா என்று அதில் வரையறுத்திருக்கிறது. 45-க்கு மேல் வாங்கினால் உத்தமோத்தமம். 13-க்குக் கீழே போனால் அதைக் காய்ச்சியவர் வேறு பொழுதுபோக்கைத் தேடுவது நலம். நிறம், தெளிவு, நுரை ஆகிய தோற்றத்துக்கு மூன்றே மதிப்பெண் வைத்த நியாயத்தை, பெண் பார்க்கப் போகும் நம்மூர்ப் பெரியோர்கள் அறிந்திருந்தால் எத்தனையோ குடும்பங்களில் மனஸ்தாபம் குறைந்திருக்கும் என்று நான் அப்போது நினைத்துக்கொண்டது உண்டு.

அன்று எனக்கு வார்த்தது இந்தியா பேல் ஏல், ஐ.பி.ஏ. என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதே டார்பிஷயர் மாவட்டத்தில் தார்ன்பிரிட்ஜ் என்னும் சிறிய பீர் ஆலை 2005-ஆம் ஆண்டிலிருந்து காய்ச்சி வருவது, 5.9 சதவீதம் மதுச்சத்து உள்ளது, பெயர் ஜெய்ப்பூர். சமுத்திரத்தையே பார்த்திராத அந்த ராஜபுதன நகரத்துக்கும், கப்பலில் போனதனாலேயே பெயர் பெற்ற இந்தப் பானத்துக்கும் சரித்திர சம்பந்தம் ஒன்றும் இல்லை. ஆனால் பெயர் எப்படியிருந்தாலும் பாடம் கற்றுக்கொள்வதற்கு அதைவிடச் சிறந்த மாதிரி அந்தப் பிரதேசத்தில் கிடைக்காது என்பது பெரியவரின் முடிவு, பிற்பாடு என்னுடைய முடிவும்.

இரண்டாவது குவளையை வார்த்து அவர் கிரமத்தைச் சொல்லிக்கொடுத்தார். வார்த்தவுடனே முகர வேண்டும்; ஏனெனில் முதலில் பறந்துபோகிற வாசனைகள் திரும்பி வருவதில்லை. குவளையின் வாயை உள்ளங்கையால் மூடி, மெள்ளச் சுழற்றி, கையை எடுத்த மாத்திரத்தில் நாய் முகர்வதுபோல் இரண்டு மூன்று சிறு மூச்சுகளாக இழுக்க வேண்டும். மூக்கு சீக்கிரம் களைத்துப்போகிற இந்திரியமாகையால், ஒரே வாசனை மரத்துப்போனால் தன்னுடைய சட்டைக் கையையே ஒரு முறை முகர்ந்துவிட்டு மறுபடியும் குவளைக்குத் திரும்ப வேண்டும். அதன் பிறகே கண்ணுக்கு வேலை. அதன் பிறகே நாக்குக்கு. திராட்சை மது சோதிப்பவர்கள் வாயில் கொப்பளித்துத் துப்பிவிடுவார்கள். பீரை ஒரு மிடறாவது விழுங்கித்தான் ஆக வேண்டும், விழுங்கிய பிறகு கசப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் கணக்கில் சேருமாதலால். இடையிடையே தண்ணீரும் உப்பில்லாத பிஸ்கோத்தும்.

முகர்ந்தேன். மூச்சு உள்ளே போன அந்த க்ஷணத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு பொருள் மூக்கில் நின்றது; ஆனால் ஆங்கிலத்தில் அதற்குச் சொல் அகப்படவில்லை. பெரியவர் காத்திருந்தார். கடைசியில் தாளில் தமிழ் எழுத்திலேயே "பம்பளிமாஸ் தோல்" என்று எழுதினேன். அவர் அந்த எழுத்துக்களை ஏதோ சித்திரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்து, என்ன அது என்று கேட்டார். தலையளவு பெரிய எலுமிச்சை ஜாதிப் பழம், அதன் தடித்த தோலை நகத்தால் கீறினால் தெறிக்கிற நெய்யின் வாசனை என்று விளக்கினேன். "நாங்கள் கிரேப்ஃப்ரூட் என்று எழுதுவோம். உங்களுடையது அதற்குப் பாட்டனார். எழுதியதை அடிக்காதீர்கள்" என்றார். அன்று அடிக்கப்படாமல் தப்பிய முதல் வார்த்தை அது.

அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்பதை அடுத்த சில மாதங்களில் தெரிந்துகொண்டேன். ஹாப் என்பது படரும் கொடி, கஞ்சாவின் குடும்பம். பெண் கொடியில் காய்க்கும், செதில் செதிலான பச்சைப் பூங்குலையைப் பிளந்து பார்த்தால் அடியில் மஞ்சள் பொடி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பொடியிலுள்ள அமிலங்கள் ஒரு மணி நேரம் கொதிக்கும்போது உருமாறி நீரில் கரைந்து கசப்பைக் கொடுக்கின்றன. ஆனால் அதே ஒரு மணி நேரத்தில் வாசனை எண்ணெய்கள் ஆவியோடு போய்விடுகின்றன. ஆகையால் கசப்புக்கு ஒரு பங்கை முதலிலும், வாசனைக்கு இன்னொரு பங்கை இறக்கும் சமயத்திலும், மேலும் ஒரு பங்கைப் பீர் நொதித்து ஆறிய பிறகும் போடுகிறார்கள். ரசம் நுரைத்து வரும்போது கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டு உடனே இறக்கி மூடுகிற சமையற்காரருக்கு இந்தத் தத்துவத்தை யாரும் உபதேசிக்க வேண்டியதில்லை. பம்பளிமாஸ் வாசனைக்குப் பிரதான காரணம் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஒட்டு வளர்த்து 1972-ஆம் ஆண்டு வெளியிட்ட காஸ்கேட் என்னும் ஹாப் இனமும் அதன் சந்ததிகளும். சான் பிரான்சிஸ்கோ நகரத்து ஆங்கர் ஆலை 1975-இல் காய்ச்சிய லிபர்ட்டி ஏலில் அதைத் தாராளமாகப் போட்டது. அதற்குப் பிறகு அந்தக் கண்டத்தில் புற்றீசல் போல் கிளம்பிய சிறு ஆலைகள் ஐ.பி.ஏ. என்ற பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்துத் தங்கள் ஹாப்பின் ஆடம்பரத்துக்குச் சூட்டிவிட்டன. அமெரிக்க வகைக்கு விதிப் புத்தகம் அனுமதிக்கிற கசப்பின் அளவு, அதற்கென்று உள்ள அலகில், 40 முதல் 70 வரை; அதே தேசத்தில் பெருவாரியாக விற்கும் லாகர் பீரில் அது 20-ஐக்கூட எட்டாது.

இவ்வளவு கசப்பை மனிதர்கள் பணம் கொடுத்து வாங்கிக் குடிக்கிறார்களே என்று என் சகாக்களில் சிலர் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு ஆச்சரியம் இல்லை. என் தகப்பனார் கும்பகோணத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் நான் கடைக்குப் போய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார வேண்டும். மலையிலிருந்து நிலவேம்புக் கட்டு வந்து இறங்கினால், கட்டுக்கு ஓர் இலையை உருவி வாயில் போட்டு, சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்து, "இது சரக்கு", "இது சக்கை" என்று இரண்டாகப் பிரிப்பார். அந்த வித்தையை எனக்கும் கற்பிக்க வேண்டுமென்பது அவருக்கு ஆசை. ஒரு நாள் நிலவேம்பு இலையையும் கடுக்காய்த் தோலையும் ஒன்றன்பின் ஒன்றாக என் நாக்கில் வைத்து, "சொல்லுடா, இது என்ன?" என்றார். இரண்டுக்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "கசக்குது" என்றேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. "ரெண்டும் கசப்பாடா? ஒண்ணு தொண்டைக்குள்ள போவுது பாரு, அது கசப்பு. இன்னொண்ணு ஈறைப் பிடிச்சுக்கிட்டு நாக்கைச் சுருட்டுது பாரு, அது துவர்ப்பு. இது தெரியாதவன் கடுக்காய் விக்கக் கூடாது" என்றார். நான் கடுக்காய் விற்கவில்லை. பொறியியல் படித்துச் சீமைக்குப் போய்விட்டேன். குட்டு மட்டும் மறக்கவில்லை.

வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவும் தீண்டாத அவரிடம் நான் டார்பியில் செய்துவந்த காரியத்தை முழுவதும் சொல்லத் துணிவில்லாமல், ஒரு மூலிகைப் பூவைப் பற்றி ஆராய்ந்து வருகிறேன் என்று மட்டும் டெலிபோனில் சொன்னேன். உடனே, அது எதற்குக் கேட்கும் என்று வியாபாரியின் கேள்வியைப் போட்டார். தூக்கத்துக்கு என்றேன். ஐரோப்பியர்கள் ஹாப் பூவைத் தலையணையில் அடைத்து வைத்துத் தூங்கும் வழக்கம் உண்டாகையால் அது பொய்யில்லை.

தோஷங்களைக் கற்பிப்பதில் பெரியவருக்கு இருந்த உற்சாகம் குணங்களைக் கற்பிப்பதில் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஈஸ்ட் தன் வேலையை முடிப்பதற்குள் அவசரப்பட்டுப் பிரித்துவிட்ட பீரில் வெண்ணெய் வாசனை வரும். பச்சை ஆப்பிள் வாசனையும் வரும். காற்றுப் பட்டோ நாள்பட்டோ கெட்ட பீரில் நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டியின் வாசனை. ஐப்பசி மாதத்தில் எங்கள் கடையின் பின்கட்டைத் திறந்தால் அடிக்கிற அதே வாசனை. வெயில் பட்ட பீருக்கு ஸ்கங்க் என்னும் பிராணியின் நாற்றம் என்று புத்தகம் சொல்கிறது. அந்தப் பிராணி இந்தியாவிலும் இல்லை, இங்கிலாந்துக் காடுகளிலும் இல்லை. அறியாத நாற்றத்தை அறியாத நாற்றத்தோடு ஒப்பிட்டு என்ன பிரயோஜனம் என்று கேட்டேன். அவர் வாதம் செய்யாமல், நிறமில்லாத கண்ணாடிப் புட்டி ஒன்றை ஜன்னல் மேடையில் வைத்தார். ஆங்கிலேய வெயில்தானே என்று அலட்சியமாக இருந்தேன். அரைமணி கழித்துத் திறந்தபோது, பூண்டு அழுகினாற்போல், ரப்பர் தீய்ந்தாற்போல் ஒரு நெடி குப்பென்று எழுந்தது. ஹாப்பின் கசப்புப் பொருளை வெளிச்சம் சிதைத்து ஒரு கந்தகச் சேர்மத்தை உண்டாக்குவதால் வருகிற கேடு அது. பழுப்பு நிறப் புட்டி அதைப் பெரும்பாலும் தடுக்கும். அன்றுமுதல் கடைகளில் விளக்கடியில் நிற்கும் பச்சைப் புட்டிகளைப் பார்த்தால் எனக்கு மூக்கு தானாகவே சுளிக்கிறது.

2012-ஆம் ஆண்டு கோடையில் ஒரு சனிக்கிழமை என்னைப் பர்ட்டனுக்கு அழைத்துப் போனார். டிரென்ட் நதிக்கரையிலுள்ள அந்த ஊர் டார்பியிலிருந்து ரயிலில் கால் மணி நேரப் பிரயாணம். இறங்கும்போதே வேகவைத்த தானியத்தின் மணம் காற்றில் கலந்திருந்தது. முளை கட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைக்கும் மணம். நம்மூரில் கேப்பைக் கூழ் கிண்டும்போது எழுவதற்குத் தூரத்து உறவு. வழி நெடுக அவர் எனக்குச் சரித்திரம் சொல்லிக்கொண்டு வந்தார். அதில் முக்கால் பங்கு, நான் அதுவரை நம்பியிருந்த கதையைக் கலைப்பதாகவே இருந்தது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததே: இந்தியாவுக்கு அனுப்பிய பீர் வழியில் கெட்டுப்போயிற்றாம், ஒரு மேதை மதுச்சத்தையும் ஹாப்பையும் கூட்டிக் கெடாத பீர் ஒன்றைக் கண்டுபிடித்தானாம், அதுவே ஐ.பி.ஏ.யாம். உண்மை அவ்வளவு நாடகமாக இல்லை. கறுத்த போர்ட்டர் பீரும் அதே கப்பல்களில் போய், கெடாமல் இறங்கி, சிப்பாய்களின் தாகத்தைத் தீர்த்துக்கொண்டுதான் இருந்தது. லண்டனுக்குக் கிழக்கே பௌ என்னுமிடத்தில் ஹாட்ஜ்ஸன் குடும்பத்தார் 1752-இல் தொடங்கிய ஆலை, கீழ்த்திசைக் கப்பல்கள் நிற்கும் துறைக்குப் பக்கத்தில் இருந்தது. கப்பல் அதிகாரிகளுக்கு அவர்கள் பதினெட்டு மாதம் வரையில் கடன் கொடுத்தார்கள். ஆகவே அவர்களுடைய சரக்கு போயிற்று. சீமைப் பிரபுக்கள் தங்கள் நிலவறையில் ஓரிரண்டு வருஷம் முதிர வைத்துக் குடித்துவந்த வெளிர்நிறப் பீரின் ஜாதிதான் அது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து, நான்கு முதல் ஆறு மாதம் வரை பீப்பாயில் குலுங்கியதில், நிலவறையில் வருஷக்கணக்கில் அடைய வேண்டிய பக்குவத்தை வழியிலேயே அடைந்துவிட்டது. குடித்தவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் துரைமார்கள். துறைமுகம் இல்லாத அந்தக் காலத்துச் சென்னையில், கப்பல் தூரத்தில் நங்கூரம் போட, சரக்கெல்லாம் மசூலாப் படகில் ஏறி அலைகளைத் தாண்டித்தான் கரைக்கு வரவேண்டும், படகோட்டிகள் நம்மவர்கள், பீப்பாய்க்குள் இருந்ததற்கும் அவர்களுக்கும் அதற்குமேல் சம்பந்தம் இல்லை. இந்தியா என்பது அந்தப் பானத்தின் மேல் ஒட்டிய விலாசம். அந்த விலாசமும் சேர்ந்து 'ஈஸ்ட் இந்தியா பேல் ஏல்' என்று அச்சில் வந்த பழைய விளம்பரம் ஒன்று, 1829-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஸிட்னி நகரத்துப் பத்திரிகையில் இருக்கிறது.

பர்ட்டன் இந்த வியாபாரத்துக்குள் நுழைந்தது 1822-இல். ரஷ்யா சுங்கத்தை உயர்த்தியதால் அந்தத் தேசத்துச் சந்தையை இழந்து கையைப் பிசைந்துகொண்டிருந்த ஆல்சாப் என்னும் பர்ட்டன் வியாபாரியிடம், கம்பெனியின் டைரக்டர்களில் ஒருவரான மார்ஜோரிபாங்க்ஸ், ஹாட்ஜ்ஸன்களின் கெடுபிடிக்கு மாற்றாக இந்தியாவுக்கு நீர் அனுப்பலாமே என்று யோசனை சொன்னாராம். ஆல்சாப்பின் ஆலையில் வேலை பார்த்த ஜாப் குட்ஹெட் என்பவர் ஒரு தேநீர்க் கூஜாவில் முதல் பரீட்சையைக் காய்ச்சிப் பார்த்ததாக ஊரில் சொல்வார்கள். கூஜா மெய்யோ பொய்யோ, தண்ணீர் மெய். பர்ட்டன் கிணறுகளின் நீர் ஜிப்சப் படுகைகளின் வழியாக ஊறி வருவதால் அதில் கால்சியம் சல்பேட் மிகுதி. அந்த நீரில் கசப்பு நாக்கில் படிந்து மந்திக்காமல் நறுக்கென்று வெட்டி நிற்கிறது. இன்று உலகத்தின் எந்த மூலையிலும் ஐ.பி.ஏ. காய்ச்சுகிறவர்களில் பலர் தங்கள் தண்ணீரில் ஜிப்சத்தைக் கரைத்துக்கொள்கிறார்கள். அந்தச் செய்கைக்குப் பெயரே 'பர்ட்டனாக்குதல்'.

அன்று பர்ட்டனில் நாங்கள் போய்ப் பார்த்த மார்ஸ்டன் ஆலையில் ஓக் மரப் பீப்பாய்கள் வரிசை வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலிருந்தும் அன்னத்தின் கழுத்துப்போல் வளைந்த ஒரு குழாய் மேலே போய், தலைக்கு உயரே ஓடிய நீண்ட தொட்டிக்குள் வாயை நீட்டியிருந்தது. பீப்பாய்க்குள் நொதித்துப் பொங்கும் பீர் அந்தக் கழுத்தின் வழியே ஏறித் தொட்டியில் ஈஸ்ட்டைக் கக்கிவிட்டு, தான் மட்டும் தெளிந்து கீழே இறங்கிவிடும். 'பர்ட்டன் யூனியன்' என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். ஒரு குழாயின் நுனியில் பழுப்பு நுரை திரண்டு, கனத்து, தொட்டென்று விழுந்து, மறுபடியும் திரள்வதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அங்கே வார்த்துக் கொடுத்த பெடிக்ரி ஏலை முகர்ந்ததும், அப்போதுதான் கிழித்த தீக்குச்சியின் நெடி ஒரு கணம் மூக்கில் தட்டி மறைந்தது. கெட்டுவிட்டதோ என்று விழித்தேன். "அது தோஷம் இல்லை. அது ஊரின் கையெழுத்து" என்றார் பெரியவர். நீரிலுள்ள கந்தகத்தின் வேலை அது. வேறு ஊர்ப் பீரில் வந்திருந்தால் மதிப்பெண் குறையும். அந்த யூனியன் பீப்பாய்களுக்கு 2024-இல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஒரு வரிசையைத் தார்ன்பிரிட்ஜ்காரர்கள் கொண்டுபோய்த் தங்கள் ஆலையில் வைத்துக் காய்ச்சுகிறார்கள்.

பர்ட்டனுக்குப் போய்வந்த மறு வருஷம் வசந்த காலத்தில் சங்கத்தின் போட்டியில் என்னையும் நடுவராக உட்கார்த்தினார்கள். ஐ.பி.ஏ. மேஜையில் மூன்று பேர்: பல் வைத்தியர், தபால்காரர், நான். புட்டிகளில் பெயர் இருக்காது, எண் மட்டுமே. ஆறாவதோ ஏழாவதோ வந்த ஒன்று கண்ணுக்கு அழகாக இருந்தது; வாசனையும் தோஷமில்லை; நார்த்தங்காயும் பைன் பிசினும் அளவோடு கலந்திருந்தன. குடித்ததும் மற்ற இருவரும் முகத்தைச் சுளித்து, ஹாப் அதிகம், கசப்பு மீறிவிட்டது என்று ஒரே வாக்காகச் சொல்லி, ருசியில் மதிப்பெண்ணை வெட்டப் போனார்கள். நான் இன்னொரு மிடறு எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். தொண்டையில் கசப்பு நியாயமான அளவில்தான் இருந்தது; வந்தது, நின்றது, இறங்கிப் போயிற்று. ஆனால் கன்னத்தின் உட்புறம் வறண்டு, மேலுதடு பல்லோடு ஒட்டிக்கொண்டு, ஈறெல்லாம் இழுத்துப் பிடித்தது. தலையில் பழைய இடத்தில் குட்டு விழுந்தாற்போல் இருந்தது.

"இது கசப்பு இல்லை; துவர்ப்பு" என்றேன், ஆங்கிலத்தில் அதற்கு உள்ள சொல்லைப் போட்டு. சொல் அவர்களுடைய பாஷையில் இல்லாமல் இல்லை. மதிப்பெண் தாளிலேயே அச்சாகியிருக்கிறது, ருசியின் கீழே அல்ல, வாயுணர்வின் கீழே. ஆனால் பேச்சில் யாரும் அதை எடுத்து ஆளுவதில்லை. பிடிக்காத கடுமை எல்லாவற்றுக்கும் கசப்பென்ற ஒரே பெயர். நாங்களோ வாழைப்பூவை ஆய்ந்து மோரில் போடுகிற வீட்டில் பிறந்தவர்கள். கொட்டைப்பாக்கும் மாதுளந்தோலும் அத்திக்காயும் எங்களுக்கு இந்த வித்தியாசத்தைச் சிறுவயதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகின்றன. இதை அவர்களுக்கு எப்படி விளக்குவது? கீழே பப்பின் சமையலறைக்குப் போய், ஒரு கோப்பை வெந்நீரில் இரண்டு தேயிலைப் பொட்டலங்களைப் போட்டு, பத்து நிமிஷம் மறந்தாற்போல் விட்டு, பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் எடுத்துவந்து இருவர் முன்னாலும் வைத்தேன். ஆங்கிலேயரிடம் தேயிலையைச் சாட்சிக்கு அழைத்தால் அதற்கு மறுப்பு இல்லை. தேநீரை ஒரு வாய், தண்ணீரை ஒரு வாய், பிறகு பீரை ஒரு வாய். மேஜையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பல் வைத்தியர் விரலால் தம் மேல் ஈறைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "முப்பது வருஷமாக நான் பிழைப்பது இந்த இடத்தில்" என்றார்.

ருசியில் வெட்டியதைத் திருப்பிக் கொடுத்து, வாயுணர்வில் ஐந்துக்கு ஒன்று போட்டோம். காரணத்தையும் எழுத வேண்டும்: ஊறிய தானியத்தைக் கடைசிச் சத்துக்காக அலசும் வெந்நீர் 77 டிகிரி செல்சியசுக்கு மேல் போனாலும், அலசல் நீண்டு நீரின் புளிப்பு குறைந்தாலும், பார்லி உமியிலிருந்து துவர்ச்சத்து இறங்கிவிடும், ஹாப்பைக் குறைக்க வேண்டாம், அலசும் நீரைக் கவனியுங்கள் என்று எழுதினோம். போட்டி முடிந்து பெயர்களை அவிழ்த்த பிறகு, அதைக் காய்ச்சிய இளைஞர் தாளைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தார். பாத்திரம் சூடேற வெகு நேரமானதால் பொறுமையிழந்து, கொதிக்கிற கெட்டிலையே எடுத்துத் தானியத்தின் மேல் கவிழ்த்தேன் என்று ஒப்புக்கொண்டார். "ஹாப்பைப் பாதியாகக் குறைக்க இருந்தேன்" என்றும் சொன்னார். அந்தப் பீருக்கு நாங்கள் கொடுத்தது 50-க்கு 31.

பெரியவர் அந்த வருஷக் கடைசியில் டார்பியை விட்டு, கடற்கரையோரத்திலிருந்த தம் மகளின் வீட்டோடு போய்விட்டார். போகுமுன் கிறிஸ்துமஸுக்கு எனக்குத் தம் கையால் காய்ச்சிய இரண்டு புட்டிகளைக் கொடுத்தார். ஒன்று அமெரிக்க ஹாப் போட்ட புது மாதிரி ஐ.பி.ஏ.; வாசனையே அதற்கு உயிராகையால் ஒரு மாதத்துக்குள் குடித்துவிட வேண்டும். இன்னொன்று கோல்டிங்ஸ் என்னும் ஆங்கில ஹாப்பும் ஜிப்சமும் தாராளமாகச் சேர்த்து, பழைய பர்ட்டன் முறையில் காய்ச்சியது. அதற்குக் கப்பல் யாத்திரை கிடையாதாகையால் அடுத்த கிறிஸ்துமஸ் வரையில் இருட்டில் வைத்திருக்க வேண்டும். அடையாளத்துக்கு ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூலும் இன்னொன்றின் கழுத்தில் வெள்ளை நூலும் கட்டியிருந்தார். எந்த நூல் எதற்கு என்று தெளிவாகச் சொல்லியும் இருந்தார். நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

பொங்கலன்று வெள்ளை நூலை அவிழ்த்தேன். பம்பளிமாஸை எதிர்பார்த்து முகர்ந்தவனுக்குப் பச்சைப் புல்லும் ஈரமண்ணும் கிடைத்தன. கசப்பு பதப்படாமல், அறுத்து ஒரு நாளும் காயாத நிலவேம்புபோல், தொண்டையைக் கீறிக்கொண்டு போயிற்று. அடுத்த கிறிஸ்துமஸில் சிவப்பு நூலை அவிழ்த்தேன். எங்கள் கடையின் பின்கட்டு திறந்தது: நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி, பழந்தேனின் தித்திப்பு, வாசனையெல்லாம் ஓடிப்போன வீட்டில் தனியே உட்கார்ந்திருக்கும் கசப்பு.

புது வருஷத்துக்கு வாழ்த்துச் சொல்ல அவரைக் கூப்பிட்டபோது, புட்டிகள் எப்படி இருந்தன என்று கேட்டார்.

"இரண்டும் நன்றாக இருந்தன" என்றேன்.

டெலிபோனில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "எந்த நூலை எப்போது அவிழ்த்தீர்கள்?" என்று கேட்டார்.